வரப்பு போடுமுன் பேசி முடிக்க வேண்டியவை

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் செம்மண் புன்செய்க் காடுகளின் ஓரமாக நடந்து போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். ஓடையில் போகும் தண்ணீர் காவி நிறமாக இருக்கும். யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தின் மேல் மண் கரைந்து போவதால் வந்த நிறம் அது. ஆட்டுக் கிடை கட்டி, வண்டி வண்டியாகத் தொழு உரம் அடித்து, பல ஆண்டுகளாகச் சேர்த்த சத்தெல்லாம் இந்த மேல் மண்ணில்தான் இருக்கிறது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லி மீட்டர், அதாவது கால் விரல் நகத்தின் கனத்துக்கு மண் கரைந்தால், அது 4 கன மீட்டர் ஆகும். வீடு கட்டுகிறவர்கள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மண். விலை கொடுத்து ஒரு யூனிட் மண் வாங்கியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

துருவ நாராயணா, ராம் பாபு என்ற இரு விஞ்ஞானிகள் 1983-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் சராசரியாக ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 16 டன்னுக்கு மேல் மண் அரித்துப் போகிறது. ஏக்கருக்கு ஆறரை டன் என்று வைத்துக்கொள்ளலாம். சராசரி என்பதால், சரிவான மானாவாரி நிலங்களில் இதைவிட அதிகமாகவும், சமமான நன்செய்யில் மிகக் குறைவாகவும் இருக்கும்.

மண் அரிப்பைத் தடுக்கும் முறைகள் உழவர் பெருமக்களுக்குத் தெரியாதவை அல்ல. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, சரிவுக்குக் குறுக்கே உழவு, பள்ளத்தில் கல் தடுப்பு, கடைசியில் ஒரு பண்ணைக் குட்டை. இவற்றைப் பற்றி இப்பகுதியிலும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இந்த வாரம் வரப்பின் அளவுகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பல பேருடைய பட்டா நிலங்களின் ஊடாக ஒரு மண் பாதுகாப்புத் திட்டம் போகும்போது மண்வெட்டியை எடுப்பதற்கு முன் என்னென்ன பேசி முடிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பேசி முடிக்காமல் போட்ட வரப்புகள் நிலைக்கவில்லை என்பதை நானே கண்ணால் கண்டிருக்கிறேன்.

காணாமற் போன வரப்புகள்

நம் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டின் நில அபிவிருத்தித் திட்டச் சட்டத்தின் கீழ், அரசே திட்டம் வகுத்துத் தனியார் நிலங்களில் வரப்புப் போட வழி ஏற்பட்டது. அன்றைய சிந்தனை, நிபுணர் கோடு போடுவார், உடைமையாளர் ஏற்றுக்கொள்வார் என்பதாக இருந்தது. பின்னர் 1994-ல் அனுமந்தராவ் குழு தந்த பரிந்துரைகளின் பேரில் 1995 முதல் நீர்வடிப்பகுதித் திட்டங்களில் ஊர் மக்களின் சங்கம், குழு, பயனாளி பங்குத் தொகை ஆகியவை வந்தன. ஏட்டில் முறை மாறியது. ஆனால் களத்தில் எங்களைப் போன்றவர்களின் பழக்கம் அத்தனை விரைவில் மாறவில்லை.

1998-ல் நான் இளைஞன். மேற்கு மாவட்டம் ஒன்றில், செம்மண் சரளைக் காடுகள் நிறைந்த ஓர் ஊரில் வரப்புப் பணிக்கு மட்டம் பார்க்கும் குழுவில் இருந்தேன். கருவியை வைத்து, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துக் கோடு போட்டு, முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனோம். சம உயரக் கோடு சர்வே எண்ணைப் பார்த்து ஓடாது. ஒருவர் நிலத்தில் மூலைவிட்டமாக நுழைந்து அடுத்தவர் நிலத்தின் நடுவில் வெளியேறும். நிலத்துக்காரர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. எனவே எல்லாம் முறைப்படி நடப்பதாகவே நினைத்தேன்.

ஒரு பெரியவர் மட்டும் என்னிடம் வந்து, "ஏனுங்க சார், கோடு போட்டீங்க, சரிங்க. சேர்ற தண்ணிய எங்கீங்க கொண்டு போயி உடறது?" என்று கேட்டார். "தண்ணீர் அங்கேயே நிலத்துக்குள் இறங்கிவிடும் ஐயா" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இரண்டு மழைக்காலம் கழித்துப் படம் எடுக்க அவ்வூருக்குப் போனேன். பல காடுகளில் வரப்பு உழுது சமமாக்கப்பட்டிருந்தது. அந்தப் பெரியவரின் நிலத்தில் வரப்பு நடுவே உடைந்து, உடைந்த இடத்திலிருந்து கீழே ஆள் இறங்கும் ஆழத்துக்கு ஒரு புதிய பள்ளம் உண்டாகியிருந்தது. வரப்பே போடாமல் இருந்தால் அந்தப் பள்ளம் வந்திருக்காது. எந்தக் காட்டில் எந்த வரப்பு நின்றிருக்கிறது என்று தேடிப் பார்த்தபோது, பெரும்பாலும் நில எல்லையை ஒட்டியவை மட்டுமே மிஞ்சியிருந்தன.

ஐந்து சென்ட் கணக்கு

உடைமையாளர் வரப்பை அழிப்பது அறியாமையால் என்று நாங்கள் அந்நாளில் சொல்லிக்கொள்வது உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நூறு அடிக்கு இரண்டடி தாழும் நிலத்தில் ஏறக்குறைய 40 மீட்டருக்கு ஒரு வரப்பு என்பது நூல் விதி. மூன்றடி தாழ்ந்தால் 30 மீட்டருக்கு ஒன்று. 40 மீட்டர் இடைவெளியில் போட்டால் ஏக்கருக்கு 100 மீட்டர் நீள வரப்பு வரும். அடி அகலம் 2 மீட்டர் என்றால் 200 சதுர மீட்டர், அதாவது 5 சென்ட் நிலம் வரப்புக்குப் போய்விடுகிறது. மூன்று ஏக்கர்க்காரருக்கு 15 சென்ட்.

2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர்தான், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அதில் 9 சென்ட் போவதோடு, கோடு மூலைவிட்டமாக விழுந்தால் இருபுறமும் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். அவற்றில் மாட்டு ஏரைத் திருப்புவதே கஷ்டம். டிராக்டரைத் திருப்ப முடியாது. ஆக, மண் நிற்பதால் வரும் லாபம் சில ஆண்டுகள் கழித்து வருகிறது, நிலம் போவதோ இன்றைக்கே போகிறது. இந்நிலையில் வரப்பை உழுது விடுகிறவர் தம் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

இதை எங்கள் துறையினரும் பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள். ஜான் கெர், என்.கே. சங்கி ஆகிய ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவின் வறண்ட மானாவாரிப் பகுதிகளில் உழவர்கள் தாமாகச் செய்து வரும் மண் பாதுகாப்பு முறைகளை ஆராய்ந்து 1992-ல் எழுதினார்கள். உழவர்கள் எல்லை வரப்பையே விரும்புகிறார்கள், சிறிது சிறிதாகப் பல ஆண்டுகளில் அதை உயர்த்துகிறார்கள், திட்டங்கள் அதற்கு நேர்மாறாகச் செய்கின்றன என்பது அதன் சாரம்.

ஆகவே வரப்பு எங்கே ஓட வேண்டும் என்பதை உடைமையாளரோடு நடந்தே முடிவு செய்தல் வேண்டும். இதற்குப் பொறியியல் நூல்களும் இடம் தருகின்றன. சிறு மேட்டை வெட்டிப் போகும்போது 10 செ.மீ. வரையிலும், பள்ளத்தைக் கடக்கும்போது 20 செ.மீ. வரையிலும் மட்டம் விலகலாம் என்பது விதி. இந்தச் சலுகையைப் பயன்படுத்தினாலே வளைந்து நெளியும் கோட்டைப் பெரும்பாலும் எல்லையை ஒட்டி நேராக்கிவிட முடியும். முடியாத இடத்தில் எல்லை வரப்பை மட்டும் பலமாகப் போட்டு, நிலத்தின் உள்ளே சரிவுக்குக் குறுக்கே உழுது விதைத்து, ஓரிரு வரிசை வெட்டிவேர் நட்டு விடலாம். சம உயர வரப்பு அளவுக்கு அது தண்ணீரைப் பிடிக்காது. ஆனால் பத்து ஆண்டு நிற்கும் அரை வேலை, இரண்டே ஆண்டில் உழப்படும் முழு வேலையைவிட மேல் என்பது என் கருத்து. எங்கள் துறையில் இதை ஏற்காதவர்களும் உண்டு.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டமே போதும். உடைமையாளரே ஒரு முனையைப் பிடித்துத் தம் நிலத்தின் தாழ்வைத் தாமே பார்க்கும்போது, பாதிப் பேச்சு முடிந்துவிடுகிறது.

தண்ணீர் எங்கே போகும்?

பெரியவர் என்னைக் கேட்ட கேள்விக்கு வருவோம். ஓர் ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் கால் பங்கு ஓடி வந்தாலும் 25,000 லிட்டர். மேலே நான்கு ஏக்கர் இருந்தால் ஒரு மழைக்கு ஒரு லட்சம் லிட்டர் வரப்பில் வந்து முட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடுத்தடுத்த நாட்களில் மழை பெய்யும்போது நிலம் ஏற்கெனவே குடித்து நிறைந்திருக்கும். எனவே ஒவ்வொரு வரப்புக்கும் உபரித் தண்ணீர் வெளியேறக் கல் பாவிய ஒரு போக்கி இருந்தே ஆக வேண்டும். குளத்துக்குக் கலிங்கு போல வரப்புக்குப் போக்கி.

போக்கி வைத்தால் அது அடுத்தவர் நிலத்தில்தான் திறக்கும். பிணக்கு முளைப்பது இங்கேதான். மேற்சொன்ன ஊரிலேயே ஒரு பங்காளிச் சண்டையைக் கண்டேன். மேல்காடு ஒருவருக்கு, கீழ்க்காடு அவருடைய சித்தப்பா மகனுக்கு. முன்பெல்லாம் தண்ணீர் பரவலாக இறங்கிக்கொண்டிருந்தது. வரப்புப் போட்ட பிறகு மேல்காட்டுத் தண்ணீர் முழுவதும் ஒரே மூலையில் சேர்ந்து தம்பியின் நிலக்கடலைக்குள் பாய்ந்தது. கடலை பிடுங்கும் பருவம். ஓர் இரவு அவர் போய் வரப்பை வேறு இடத்தில் வெட்டிவிட்டார். அதன் பிறகு இரு வீட்டாரும் ஒரு கல்யாணத்துக்கும் ஒன்றாகப் போகவில்லை. கோடு போட்ட எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் மேல் நிலத்தில் விழும் மழைத் தண்ணீர் இயற்கையாகக் கீழ் நிலத்துக்கு வடிவதைக் கீழ் நிலத்துக்காரர் தடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் பரவலாக வந்ததை வரப்பினால் ஒன்று சேர்த்து ஓரிடத்தில் விடுவதை இயற்கையான வடிகால் என்று வாதிடுவது கடினம். கோர்ட்டுக்குப் போனால் வரப்பும் மிஞ்சாது, உறவும் மிஞ்சாது. ஆகையால் போக்கி எந்த மூலையில், அதன் கீழே தண்ணீர் எந்த வாய்க்கால் வழியே எந்த ஓடையைச் சேரும் என்பதை மேலிருந்து கீழ் வரை உள்ள எல்லா உடைமையாளர்களும் ஒன்றாக நடந்து தீர்மானிக்க வேண்டும். இந்த நடையை நல்ல மழை பெய்யும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வரைபடத்தில் தெரியாததெல்லாம் அன்றைக்குத் தெரியும். வெயில் காலத்தில் ஒரு நாள் முழுவதும் வாதாடித் தீராத விஷயம், ஓடுகிற தண்ணீர் எதிரில் நின்றால் கால் மணியில் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

யார் செலவு, யார் வரவு

வேலை மேட்டிலிருந்து தொடங்க வேண்டும். மேட்டில் தண்ணீரை நிறுத்தாமல் பள்ளத்தில் தடுப்பணை கட்டினால் அது இரண்டொரு மழைக்காலத்தில் மண்ணால் நிரம்பிவிடும். ஆனால் மேட்டு நிலம் பெரும்பாலும் ஏழைகளுடையது. அல்லது உடைமையாளர் வெளியூரில் இருப்பார். கிணறுகளோ பள்ளத்தில். மேட்டுக்காரர் நிலம் கொடுத்து வரப்புப் போட்டால், ஊற்று ஏறுவது பள்ளத்துக்காரர் கிணற்றில். பிறர் கிணற்றுக்காகத் தம் ஐந்து சென்ட்டை ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம்.

இதற்கு வட நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. சண்டிகரில் 1958-ல் உண்டாக்கப்பட்ட சுக்னா ஏரி, மேலுள்ள குன்றுகளிலிருந்து வந்த மண்ணால் தூர்ந்துகொண்டிருந்தது. குன்றடியில் உள்ள சுகோமாஜ்ரி கிராமத்தாரிடம் ஆடு மாடுகளை மேயவிடாதீர்கள் என்று சொல்லிப் பயன் இல்லை. 1970-களின் பிற்பகுதியில் அங்கே சிறு மண் அணைகள் கட்டி, அந்தத் தண்ணீரில் நிலம் இல்லாதவர் உட்பட எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். அதன் பிறகு குன்றைக் காப்பது அவர்களுடைய சொந்த வேலையாகிவிட்டது. அது வனத்துறை நிலம். நம்முடையது பட்டா நிலம். ஆயினும் மேட்டில் காப்பவருக்கு வரவில் பங்கு வேண்டும் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

சில ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் வேலை செய்தபோது நாங்கள் இதை முயன்றோம். பள்ளத்தில் கிணறு வைத்திருந்த ஒருவர், மேட்டுக்காரரான ஒரு விதவை அம்மாவின் நிலத்துப் போக்கிக்கு வேண்டிய கல்லை இரண்டு டிராக்டர் நடை தம் செலவில் கொண்டு வந்து இறக்கினார். மேட்டு வரப்பில் வளரும் புல் முழுவதும் அந்த அம்மாவுக்கே என்றும் ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்தார்கள். அந்தக் கல் போக்கி நான் கடைசியாகப் போனபோதும் அசையாமல் இருந்தது. அதே ஊரில் உடைமையாளர்கள் ஒத்துவராத இரண்டு மூன்று காடுகளை அப்படியே விட்டுவிட்டோம். அவற்றை விட்டதற்காக மேலதிகாரிகளிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் விட்டது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

திட்டத்தில் உடைமையாளர் செலுத்தும் பங்குத் தொகை சிறியதுதான். 2008-ஆம் ஆண்டின் பொது நெறிமுறைகளில் தனியார் நிலப் பணிகளுக்குப் பொதுவாக 10 சதவீதம், ஆதி திராவிடர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகளுக்கு 5 சதவீதம் குறைந்த அளவாக வைக்கப்பட்டது. நீங்கள் சேரும் திட்டத்தில் என்ன விகிதம் என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதை வேறு யாரேனும் உங்களுக்காகக் கட்டிவிட்டுக் கையெழுத்து வாங்க வந்தால் இடம் கொடாதீர்கள். சொந்தப் பணம் போட்டவர் வேலையின் அளவைத் தானே நாடா வைத்து அளந்து பார்ப்பார். மற்றவர் பார்க்கமாட்டார்.

காகிதத்தில் எழுத வேண்டியது

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்குதாரர்களின் சம்மதமும் தேவை. ஒருவர் கையெழுத்துப் போட்டு மற்றவர் வரப்பை வெட்டிய கதைகள் ஏராளம். நிலம் தாயார் பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் கூட்டத்துக்கு அவரே வரட்டும். பல ஊர்களில் கைநாட்டு மட்டும் வாங்கிக்கொண்டு, பேச்சை ஆண்களே முடித்துவிடுகிறார்கள். நாள்தோறும் அந்த நிலத்தில் களை எடுத்து, எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று அறிந்தவர் அந்த அம்மாதான்.

குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்ட நிலமானால் உழுகிறவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் எலி வளையை அடைக்க மண்வெட்டி எடுக்கமாட்டார். குத்தகையில் சிறிது குறைத்துக்கொண்டு பராமரிப்பை அவரிடம் ஒப்படைப்பது நல்லது.

ஒரு முழுத்தாள் போதும். வரப்பு ஓடும் இடம், உயரம், போக்கி இருக்கும் மூலை, தண்ணீர் போகும் வழி, உடைந்தால் யார் எத்தனை நாளில் சரி செய்வது, செலவு எப்படிப் பங்கு, வரப்பின் மேல் உள்ள புல்லும் மரமும் யாருக்கு, நிலம் விற்றால் வாங்குகிறவரிடம் சொல்லும் பொறுப்பு யாருக்கு என்பவற்றை எழுதி, மேல் கீழ் நிலத்துக்காரர்கள் கையெழுத்திட்டு, ஊரில் இருவர் சாட்சி போடட்டும். ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் சில ஆண்டுகளில் முடிந்து அதிகாரிகள் மாறிப் போவார்கள். அதன் பிறகு இந்தத் தாள் ஒன்றே மிஞ்சும்.

வரப்பைப் போட்ட பின்

புதிய மண் அமுங்கும். இரண்டடி நிற்க வேண்டுமானால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உயர்த்திப் போடுங்கள். மண்ணை மேல்புறத்திலிருந்து ஆழமில்லாமல் எடுக்க வேண்டும். குழிகள் தொடர்ந்து வாய்க்காலாகிவிடாமல் இடையிடையே விட்டு வெட்டவும். முதல் மழையிலேயே வரப்பின் சரிவில் கொழுக்கட்டைப் புல் கரணையோ, முயல் மசால் விதையோ போட்டு விடுங்கள். புல் பிடித்த வரப்பை எவரும் எளிதில் உழமாட்டார், அது மாட்டுக்குத் தீனி.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, காங்கேயம் மாடுகளை மேய்த்து வரும் தனியார் நிலங்கள் அவை. எந்தத் திட்டமும் சொல்லித் தராமலே தலைமுறை தலைமுறையாக உடைமையாளர்களே அந்த மண்ணைக் காத்து வந்திருக்கிறார்கள். மேய்ச்சலில் வரும்படி இருந்ததே காரணம். வரப்பிலும் ஏதேனும் ஒரு சிறு வரும்படி இருக்கட்டும்.

கரிசல் நிலத்தாருக்கு ஓர் எச்சரிக்கை. ஆழமான கரிசலில் சம உயர வரப்பு ஏற்றதல்ல. மழையில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். கோடையில் வரப்பே வெடித்து, அடுத்த மழைக்கு வெடிப்பு வழியே உடையும். அங்கே தண்ணீர் மெல்ல வடியும்படி சிறு சாய்வுடன் வரப்பு அமைப்பதும், நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகத் தடுப்பதும் நல்லது. யாராவது கரிசலில் செம்மண் அளவுக் கோடு போட வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

கோடையில் மண் வேலை நடக்கும் என்பதால், மேல் கீழ் நிலத்துக்காரர்களின் பேச்சை இந்த மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுவது உத்தமம். பேசி முடித்த பின் பட்டா, சிட்டா, அடங்கல், நில வரைபட நகல் ஆகியவற்றோடு தனித்தனியே போகாமல் ஒரு சரிவில் உள்ள எல்லோருமாகச் சேர்ந்து வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகுங்கள். எழுதிய தாளின் பிரதி ஒன்றையும் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுக்கவும். மட்டம் பார்க்க வருகிறவரிடம் முதல் கேள்வியாக, சேரும் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள்.